வர்ஜீனியாவில் நிறம் சட்டமான கதை

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் கறுப்பின மக்களை அடிமைகளாக்கியது ஏற்கெனவே இருந்த நிறவெறியா, இல்லை அடிமைமுறை வந்த பிறகு அதற்குச் சாக்காக நிறவெறி வளர்ந்ததா? கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்களும் அடிமைகளாகத்தானே கப்பலேறி வந்தார்கள், அப்படியிருக்க இதில் நிறம் எங்கே நுழைந்தது?

பொத்தாம்பொதுவாகப் பேசினால் இதற்கு முடிவே கிடைக்காது. இங்கிலாந்து அமெரிக்காவில் அமைத்த வர்ஜீனியா என்ற ஒரே ஒரு குடியேற்றத்தை எடுத்துக்கொண்டு வருட வரிசையில் பார்த்தால் நிறையத் தெளியும். அங்கே அடிமைமுறையை யாரும் ஒரே நாளில் அறிவித்துக் கொண்டுவரவில்லை. அறுபது எழுபது வருடங்களில் துண்டு துண்டாகச் சட்டம் போட்டுக் கட்டினார்கள். ஒவ்வொரு சட்டமும் எந்த வருடம் வந்தது, அதற்குச் சற்று முன்னால் யார் நீதிமன்றத்துக்குப் போய் என்ன கேட்டார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பதிலில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

1607-ல் வர்ஜீனியா கம்பெனியின் ஆட்கள் ஜேம்ஸ்டவுனில் இறங்கியபோது தேடிவந்தது தங்கம். கிடைத்தது பசியும் காய்ச்சலும்தான். கம்பெனியைக் காப்பாற்றியது புகையிலை. ஜான் ரால்ஃப் என்பவர் மேற்கிந்தியத் தீவுப் பக்கத்து விதையைக் கொண்டுவந்து பயிரிட்டுப் பார்த்தார். லண்டன் சந்தையில் அது எடுபட்டது. ஒரு தலைமுறைக்குள் ஏற்றுமதி வருடத்துக்குப் பத்து லட்சம் பவுண்டு எடையைத் தாண்டிவிட்டது.

புகையிலை ஆளைத் தின்னும் பயிர். நாற்றங்கால் போட வேண்டும், பறித்து நட வேண்டும், இலையிலையாகப் புழு பொறுக்க வேண்டும், நுனி கிள்ள வேண்டும், பக்கக் கிளை ஒடிக்க வேண்டும், அறுத்துக் கட்டித் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். மூன்று நான்கு வருடத்தில் மண்ணும் சோர்ந்துபோகும்; புதுக் காட்டை வெட்ட வேண்டும். அங்கே நிலத்துக்குப் பஞ்சமில்லை. பூர்வகுடிகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டே போகலாம், போனார்கள். பஞ்சம் ஆளுக்குத்தான்.

ஆளை இங்கிலாந்திலிருந்து இறக்கினார்கள். கப்பல் செலவுக்குக் காசில்லாத இளைஞன் நான்கிலிருந்து ஏழு வருடம் உழைப்பதாகப் பத்திரம் எழுதிக் கொடுப்பான். அந்தப் பத்திரத்தை வர்ஜீனியாவில் ஒரு தோட்டக்காரன் விலைக்கு வாங்கிக்கொள்வான். 17-ம் நூற்றாண்டில் வர்ஜீனியா இருக்கும் செசபீக் விரிகுடாப் பகுதிக்கு வந்த ஆங்கிலேயரில் முக்கால்வாசிப் பேர் இப்படி வந்தவர்கள். இருநூறு வருடம் கழித்து நம் ஊர்க்காரர்கள் மொரீஷியஸுக்கும் தென்னாப்பிரிக்காவின் நாட்டாலுக்கும் போன ஒப்பந்தக் கூலி முறை இதன் பிற்காலத்து உறவுதான். ஆளைக் கொண்டுவருகிறவருக்குக் குடியேற்ற நிர்வாகம் தலைக்கு 50 ஏக்கர் நிலமும் கொடுத்தது. ஆகவே வந்தவர் எந்த ஊர் என்று யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. 1635-ல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் இப்படி நிலம் கோரிய பட்டியலில் ‘டோனி, கிழக்கிந்தியன்’ என்று ஓர் இந்தியரின் பெயரும் இருக்கிறது.

அந்த வேலையாட்களின் நிலைமை கொடுமையானதுதான். அவர்களை விற்றார்கள், சூதாட்டத்தில் பணயம் வைத்தார்கள், அடித்தார்கள், ஓடினால் கெடுவை நீட்டினார்கள். ஒப்பந்தம் முடிவதற்குள் பாதிப் பேர் செத்தார்கள் என்றாலும் மிகையில்லை. முதல் பதினெட்டு வருடத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கியும் 1625-ல் உயிரோடு எண்ணப்பட்டவர்கள் சுமார் 1,200 பேர்தான். ஆனால் ‘வெள்ளைக்காரர்களும் அடிமைகள்தான்’ என்ற வாதத்தை இதை வைத்து நிறுவ முடியாது. பத்திரத்துக்கு முடிவுத் தேதி இருந்தது. வேலையாள் நீதிமன்றத்துக்குப் போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுடைய பிள்ளை சுதந்திரமாகவே பிறந்தது. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக ஒரு பிரிவினரிடமிருந்து மட்டும் எடுத்துக்கொண்டதுதான் இனி நான் சொல்லப்போவது.

1619 ஆகஸ்டு கடைசியில் ஒயிட் லயன் என்ற ஆங்கிலேயக் கொள்ளைக் கப்பல் பாயிண்ட் கம்ஃபர்ட் முனைக்கு வந்தது. மெக்சிகோவின் வெராக்ரூஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு போர்ச்சுக்கீசிய அடிமைக் கப்பலை வழியில் மறித்துப் பறித்த ஆப்பிரிக்கர்கள் அதில் இருந்தார்கள். இவர்கள் அங்கோலாவின் லுவாண்டா துறைமுகத்தில் ஏற்றப்பட்டவர்கள். அந்தச் சமயம் அங்கே போர்ச்சுக்கீசியர் ந்டோங்கோ அரசின் மீது படையெடுத்து ஆயிரக்கணக்கில் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ‘இருபதுக்குச் சற்று மேற்பட்ட நீக்ரோக்களை’ உணவுப் பண்டங்களுக்கு மாற்றாக வாங்கிக்கொண்டதாகப் புகையிலை கொண்டுவந்த அதே ஜான் ரால்ஃப் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். சில வாரங்களுக்கு முன்புதான், ஜூலை 30 அன்று, ஆங்கிலேயக் குடியேற்றங்களிலேயே முதல் சட்டமன்றம் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் கூடியிருந்தது. அந்த மன்றம்தான் பின்னாளில் இந்தச் சட்டங்களை இயற்றியது.

அந்த இருபது பேரும் அன்றைக்கு அடிமைகளா, ஒப்பந்த வேலையாட்களா? இதைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். வர்ஜீனியாவில் அப்போது அடிமைமுறை பற்றிய சட்டம் எதுவும் கிடையாது என்பது உண்மை. ஆனால் விலைக்கு வாங்கினார்கள் என்பதும் உண்மை. ஸ்பெயினும் போர்ச்சுகலும் நூறு வருடத்துக்கும் மேலாக ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக விற்றுக்கொண்டிருந்தது அட்லாண்டிக்கில் மிதக்கிற எவனுக்கும் தெரியும். என் பார்வையில், வாங்கியவர்கள் அடிமைகளை வாங்குவதாகவே நினைத்திருப்பார்கள். அந்த நினைப்பைக் கட்டிக்காக்கிற சட்டம்தான் இல்லை. அந்த இடைவெளியில் சிலர் தப்பித்தார்கள்.

அப்படித் தப்பித்தவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர் ஆண்டனி ஜான்சன். 1621-ல் ‘நீக்ரோ அந்தோனியோ’ என்ற பெயரில் வந்து பென்னட் என்பவரின் தோட்டத்தில் வேலை பார்த்தார். 1622 மார்ச்சில் அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்கள் ஆங்கிலேயக் குடியிருப்புகளைத் தாக்கி 347 பேரைக் கொன்றபோது அந்தத் தோட்டத்தில் பிழைத்த சிலரில் இவரும் ஒருவர். மேரி என்ற ஆப்பிரிக்கப் பெண்ணை மணந்தார், எப்படியோ விடுதலை பெற்றார், விரிகுடாவின் கிழக்குக் கரைக்குக் குடிபெயர்ந்தார். 1651-ல் ஐந்து ஆட்களைக் கொண்டுவந்த கணக்கில் 250 ஏக்கர் வாங்கினார். 1653-ல் பண்ணையில் தீ விபத்து ஏற்பட்டபோது நீதிமன்றம் அவர் மனைவிக்கும் மகள்களுக்கும் தலைவரியைத் தள்ளுபடி செய்தது.

இதே ஜான்சனிடம் ஜான் கேசர் என்ற கறுப்பர் வேலை பார்த்தார். ‘என் ஒப்பந்தம் முடிந்து பல வருடமாகிறது, இவர் விட மாட்டேன் என்கிறார்’ என்று சொல்லிப் பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரரான ராபர்ட் பார்க்கரிடம் போய்ச் சேர்ந்தார். ஜான்சன் வழக்குப் போட்டார். 1655-ல் கேசர் ஆயுளுக்கும் ஜான்சனுக்கே உரியவர் என்று தீர்ப்பானது. ‘அமெரிக்காவின் முதல் அடிமை முதலாளியே கறுப்பர்தான்’ என்று சமூக வலைத்தளங்களில் சுற்றுகிற செய்தி இதை வைத்துத்தான். அது தவறு, ஆயுள் அடிமைத்தனம் அதற்கு முன்பே நடைமுறையில் இருந்தது, கீழே சொல்கிறேன். ஆனால் கதையில் கவனிக்க வேண்டியது வேறு. 1655-ல் வர்ஜீனியா நீதிமன்றத்தில் ஒரு கறுப்பர் ஒரு வெள்ளைக்காரருக்கு எதிராகச் சொத்து வழக்குப் போட்டு ஜெயிக்க முடிந்தது. ஜான்சன் பின்னாளில் மேரிலாந்துக்குப் போய் இறந்தார். 1670-ல், வர்ஜீனியாவில் அவர் விட்டுப்போன நிலம் பற்றி ஒரு ஜூரி முடிவு செய்தது: அவர் நீக்ரோ, ஆகவே அந்நியர், ஆகவே நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம். இரண்டு முடிவுகளுக்கும் நடுவே பதினைந்து வருடம்.

சரி, முதலில் வெறுப்பே இல்லை, பின்னால்தான் வந்தது என்று சொல்லிவிடலாமா? முடியாது. 1630-லேயே ஹியூ டேவிஸ் என்ற வெள்ளையருக்குச் சவுக்கடி கொடுத்தார்கள். ஒரு நீக்ரோவோடு படுத்துத் தன் உடலை அசுத்தப்படுத்திக் கிறிஸ்தவர்களுக்கு இழிவு உண்டாக்கினார் என்பது குற்றச்சாட்டு. 1640-ல் குடும்பத் தலைவர்கள் எல்லோரும் ஆயுதம் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியிலிருந்து நீக்ரோக்களை விலக்கினார்கள். 1643-ல் ஆப்பிரிக்கப் பெண்களுக்குத் தலைவரி வந்தது. ஆங்கிலேயப் பெண்களுக்குக் கிடையாது. அதாவது ஆங்கிலேயப் பெண் வீட்டுக்காரி, ஆப்பிரிக்கப் பெண் வயல்வேலைக்கான ஆள் என்று வரிப்பட்டியலே பிரித்துவிட்டது.

அதே 1640-ல் ஹியூ க்வின் என்பவரிடமிருந்து மூன்று வேலையாட்கள் சேர்ந்து மேரிலாந்துக்கு ஓடினார்கள். ஒருவர் டச்சுக்காரர் விக்டர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் கிரிகரி, மூன்றாமவர் ஜான் பஞ்ச் என்ற கறுப்பர். பிடித்துக் கொண்டுவந்து மூவருக்கும் முப்பது சவுக்கடி. அப்புறம் முதல் இருவருக்கும் எஜமானுக்கு ஒரு வருடம், குடியேற்றத்துக்கு மூன்று வருடம் கூடுதல் வேலை. ஜான் பஞ்சுக்கு ஆயுள் முழுக்க. குற்றம் ஒன்று, ஓடிய வழி ஒன்று. தீர்ப்பில் வித்தியாசத்துக்குச் சொல்லப்பட்ட காரணம், மூன்றாமவர் நீக்ரோ என்பது மட்டுமே.

ஆகவே இளக்காரம் முதல் நாளிலிருந்தே இருந்தது. ஆனால் அது மட்டும் ஓர் அமைப்பாகிவிடாது. 1650 வாக்கில் வர்ஜீனியாவில் கறுப்பர்கள் சில நூறு பேர்தான். ஆள் அவ்வளவு சீக்கிரம் சாகிற ஊரில் ஆயுள் அடிமைக்கு இரண்டு மடங்கு விலை கொடுப்பது லாபமில்லை. ஐந்து வருடப் பத்திரமே போதும். தோட்டக்காரர்கள் கணக்குப் போட்டுத்தான் வெள்ளை வேலையாட்களை வாங்கினார்கள். 1660-களுக்குப் பிறகு அந்தக் கணக்கு தலைகீழானது. இறப்பு குறைந்தது, ஆயுள் அடிமை போட்ட பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். இங்கிலாந்தில் பிறப்பு குறைந்து கூலி ஏறியதால் பத்திரம் எழுத வருகிறவர்களும் குறைந்தார்கள். 1672-ல் மன்னரின் தம்பியைத் தலைவராகக் கொண்ட ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனிக்கு அடிமை வியாபாரத்தில் ஏகபோகம் கிடைத்தது. 1698-ல் அந்த ஏகபோகத்தை உடைத்து எல்லா வணிகருக்கும் திறந்துவிட்டதும் வரத்து எகிறியது.

இதற்கிடையில்தான் சட்டங்கள். முதல் பெரிய சட்டத்துக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார்.

எலிசபெத் கீ. அப்பா தாமஸ் கீ, சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஆங்கிலேயர். அம்மா ஆப்பிரிக்கப் பெண். சாவதற்கு முன் தாமஸ் கீ மகளை ஒன்பது வருட ஒப்பந்தத்தில் வேறொருவர் பொறுப்பில் விட்டார். அவளை மகளைப் போல நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் பெண் கைமாறினாள், ஒன்பது வருடம் இருபது வருடத்தை நெருங்கியது. கடைசி எஜமான் 1655-ல் இறந்ததும் அவருடைய சொத்துக்கணக்கில் எலிசபெத்தையும் நீக்ரோ அடிமை என்று சேர்க்கப் பார்த்தார்கள். அவர் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் வில்லியம் கிரின்ஸ்டெட் என்ற ஆங்கிலேயர், எலிசபெத்தின் குழந்தைக்கு அப்பாவும் அவரே. வாதங்கள் மூன்று: ஆங்கிலேயச் சட்டப்படி பிள்ளையின் நிலை தகப்பன் வழியில் வரும், என் தகப்பன் சுதந்திர மனிதன், நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவள், என் ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து, மேல்முறையீட்டில் தோற்று, சட்டமன்றம் வரை போய், 1656-ல் விடுதலை வாங்கினார். கிரின்ஸ்டெட்டை மணந்துகொண்டார்.

ஆறு வருடம் கழித்து, 1662-ல் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஆங்கிலேய ஆணுக்கும் நீக்ரோப் பெண்ணுக்கும் பிறக்கிற பிள்ளை அடிமையா சுதந்திரமா என்று சந்தேகம் எழுந்திருக்கிறது என அதன் முன்னுரையே சொல்கிறது. தீர்வு: பிள்ளையின் நிலை தாயின் நிலைப்படி. ஆங்கிலேயச் சட்டத்தில் பல நூறு வருடமாக இருந்த தகப்பன் வழியை ஒரே வரியில் தூக்கி எறிந்தார்கள். என்னைக் கேட்டால் அமெரிக்க அடிமைமுறையின் அஸ்திவாரக் கல் 1619 அல்ல, இந்த 1662 சட்டம். இதற்குப் பிறகு அடிமைப் பெண்ணின் கருப்பை எஜமானின் முதலீடு. அவளைப் பலவந்தப்படுத்துகிறவன் தகப்பன் என்ற பொறுப்பு எதையும் சுமக்க வேண்டாம். அவளுக்குப் பிறக்கிற பிள்ளை எஜமானின் சொத்துக்கணக்கில் ஏறும். கப்பல் வராமலேயே அடிமைகளின் எண்ணிக்கை பெருக வழி பிறந்தது. நூறு வருடத்தில் வர்ஜீனியாவில் அதுதான் நடந்தது.

எலிசபெத்தின் இரண்டாவது வாதம், கிறிஸ்தவள் என்பது. அந்தக் கதவை 1667-ல் அடைத்தார்கள்: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே. அதில் ஒரு பக்திப் பூச்சு வேறு. இந்தப் பயம் இல்லாவிட்டால் எஜமான்கள் அடிமைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கத் தயங்க மாட்டார்களாம். 1669-ல் வந்தது எனக்கு இன்னும் ஜீரணமாகாத சட்டம். எஜமானோ அவன் சொல்படி வேறொருவனோ அடிமையைத் திருத்துவதற்காக அடிக்கும்போது அடிமை செத்துவிட்டால் அது கொலைக்குற்றம் ஆகாது. காரணம், யாரும் வஞ்சம் வைத்துத் தன் சொத்தைத் தானே அழித்துக்கொள்வான் என்று கருத முடியாதாம். தர்க்கம் முழுக்கச் சொத்துச் சட்டத்தின் தர்க்கம். கோபம்கூட இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். 1670-ல் ஆண்டனி ஜான்சன் மாதிரியானவர்களுக்குக் கதவு மூடியது: ஞானஸ்நானம் பெற்றுச் சுதந்திரமாக இருந்தாலும் நீக்ரோவோ பூர்வகுடியோ கிறிஸ்தவ வேலையாட்களை வைத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே வரைக்கும் பிரிவினை பெரும்பாலும் கிறிஸ்தவர், அல்லாதவர் என்ற சொற்களில்தான் ஓடியது. அந்தக் கோடு ஒழுகியது. யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் பெறலாமே. ஒழுகாத கோடு தேவைப்பட்டது. அதற்கான அவசரத்தை உண்டாக்கியது 1676.

அந்த வருடத்துக் கலவரத்தின் தலைவன் நதானியேல் பேக்கன், வசதியான வீட்டுப் பிள்ளை, இங்கிலாந்திலிருந்து வந்து அதிக நாள் ஆகாதவன். அவனைப் புரட்சி வீரனாக்கிப் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அவன் ஆரம்பித்தது பூர்வகுடிகளை வேட்டையாட அனுமதி கேட்டு, நட்பாக இருந்த ஒக்கனீச்சி மக்களையும் சேர்த்தே கொன்று. ஆனால் அவன் பின்னால் திரண்ட கூட்டம் ஏன் திரண்டது என்பது முக்கியம். ஒப்பந்தம் முடித்து வெளியே வந்தவர்களுக்கு நல்ல நிலம் கிடைக்கவில்லை. ஆற்றங்கரை நிலமெல்லாம் பெரிய புள்ளிகள் கையில். புகையிலை விலை விழுந்துகிடந்தது, வரி ஏறிக்கொண்டிருந்தது. ஆளுநர் வில்லியம் பெர்க்லி 1661-க்குப் பிறகு பதினைந்து வருடமாகத் தேர்தலே நடத்தவில்லை. ஏழு பேரில் ஆறு பேர் ஏழைகள், கடன்காரர்கள், மனம் கசந்தவர்கள், கையில் ஆயுதமும் வைத்திருப்பவர்கள். இவர்களை ஆள்வது எவ்வளவு பரிதாபம் என்று அவரே எழுதினார்.

பேக்கன் தன் பக்கம் வருகிற வேலையாட்களுக்கும் அடிமைகளுக்கும் விடுதலை என்று அறிவித்தான். செப்டம்பரில் ஜேம்ஸ்டவுன் எரிந்தது. அக்டோபரில் பேக்கன் வயிற்றுக்கடுப்பில் செத்துப்போனான். அதன் பிறகும் ஆயுதத்தைக் கீழே போடாமல் நின்ற ஒரு முகாமில் வெள்ளையரும் கறுப்பருமாக 400 பேர் இருந்தார்கள். கேப்டன் கிராந்தம் என்பவர் பேசிப் பேசிப் பெரும்பாலோரைக் கலைத்தார். கடைசி வரை மசியாதவர்கள் சுமார் 80 கறுப்பர்கள், 20 ஆங்கிலேயர்கள்.

பெரிய தோட்டக்காரர்கள் தூக்கம் தொலைத்தது இந்த நூறு பேரை நினைத்து என்று சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வதாகும். கலவரம் நடந்திராவிட்டாலும் அடிமை வரத்து கூடியிருக்கும், பொருளாதாரக் காரணம் தனியாகவே இருந்தது. ஆனாலும் 1676-க்குப் பிறகு வந்த சட்டங்களின் குறி மாறுகிறது. அதுவரை பெரும்பாலும் அடிமை, எஜமான் என்ற இருவருக்கு நடுவே பேசிய சட்டம், இப்போது ஏழை வெள்ளையரையும் கறுப்பரையும் ஒருவரையொருவர் அண்டாமல் பிரிப்பதில் இறங்கியது. 1680-ல் அடிமைகள் தடி, துப்பாக்கி எதுவும் ஏந்தக் கூடாது, அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது, எந்தக் கிறிஸ்தவர் மீது கை ஓங்கினாலும் முப்பது சவுக்கடி. 1691-ல் வெள்ளை ஆணோ பெண்ணோ நீக்ரோவை, கலப்பினத்தவரை, பூர்வகுடியை மணந்தால் மூன்று மாதத்துக்குள் நாடு கடத்தல். வர்ஜீனியாவின் சட்டப் புத்தகத்தில் ‘வெள்ளை’ என்ற அடையாளம் ஏறியது அப்போதுதான். திருமணமாகாமல் கறுப்பருக்குப் பிள்ளை பெறும் வெள்ளைப் பெண்ணுக்கு 15 பவுண்டு அபராதம், கட்டாவிட்டால் ஐந்து வருட வேலை. பிள்ளைக்கு முப்பது வயது வரை கட்டாய வேலை. அடிமையை விடுவிக்கிற எஜமான் ஆறு மாதத்துக்குள் அவரைக் குடியேற்றத்துக்கு வெளியே அனுப்பச் செலவு செய்ய வேண்டும். சுதந்திரமான கறுப்பர் என்ற ஒரு பிரிவே வளரக் கூடாது என்பது நோக்கம்.

அந்த மணத்தடையை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஜான் ரால்ஃப் ஞாபகம் வருவார். 1614-ல் அவர் மணந்தது பவ்ஹாட்டன் தலைவரின் மகள் போகஹான்டஸை. ஆளுநரின் சம்மதத்தோடு தேவாலயத்தில் நடந்த திருமணம், குடியேற்றமே கொண்டாடியது. 1691-ல் நடந்திருந்தால் அவரை நாடு கடத்தியிருப்பார்கள். வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்ள வர்ஜீனியாவில் இருந்த தடை பல வடிவங்களில் நீடித்து 1967-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது.

1705-ல் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக்கினார்கள். அதைப் படிக்கும்போது கறுப்பரிடமிருந்து எடுத்ததை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். ஏழை வெள்ளையருக்குக் கொடுத்ததையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் முடிகிற வெள்ளை வேலையாளுக்கு எஜமான் பத்து புஷல் சோளம், முப்பது ஷில்லிங், ஒரு துப்பாக்கி கொடுத்தாக வேண்டும். நீதிபதியின் உத்தரவு இல்லாமல் வெள்ளைக் கிறிஸ்தவ வேலையாளைத் துணி உரித்துச் சவுக்கால் அடிக்கக் கூடாது. அடிமைகள் தாங்களாக வளர்த்து வைத்திருந்த குதிரை, மாடு, பன்றி எல்லாவற்றையும் பறித்து விற்றுப் பணத்தை அந்தத் தேவாலய வட்டாரத்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். வெள்ளை ஏழைக்குக் கிடைத்தது பெரிய சொத்து ஒன்றுமில்லை. நிலம் கேட்டவனுக்கு நிலம் கொடுக்கவில்லை, ஆனால் அவன் எந்நாளும் விழ முடியாத ஒரு தரையை அவன் காலுக்குக் கீழே போட்டுக் கொடுத்தார்கள். அடிமை, சட்டத்தில் அசையாச் சொத்தானார். நிலத்தோடு சேர்ந்து வாரிசுக்குப் போவதற்காக. அரசு ஓர் அடிமைக்கு மரண தண்டனை நிறைவேற்றினால் முதலாளிக்குப் பொதுப்பணத்திலிருந்து நஷ்டஈடு. அந்தப் பணத்தில் அடிமை வைத்திராத வெள்ளையரின் வரியும் அடக்கம்.

1723-ல் சுதந்திரக் கறுப்பர்களிடமிருந்து வாக்குரிமையையும் எடுத்தார்கள். லண்டனில் குடியேற்றச் சட்டங்களைச் சரிபார்க்கும் வழக்கறிஞர் ரிச்சர்ட் வெஸ்டுக்கு அது உறுத்தியது. தோலின் நிறத்தை மட்டும் வைத்து ஒரு சுதந்திர மனிதனை இன்னொருவனைவிடக் கீழாக நடத்த என்ன நியாயம் என்று எழுதிக் கேட்டார். பதில் வர பத்து வருடத்துக்கும் மேலானது. 1736-ல் ஆளுநர் வில்லியம் கூச் எழுதினார்: சுதந்திர நீக்ரோக்கள் மீதும் கலப்பினத்தவர் மீதும் அழியாத ஒரு முத்திரையைப் பதிப்பதுதான் நோக்கம். ஆங்கிலேயர் வம்சத்துக்கும் அவர்கள் வம்சத்துக்கும் வித்தியாசம் உண்டு என்று அவர்கள் உணர வேண்டும். கேள்வி கேட்டவருக்கு நான் காட்ட விரும்பும் முக்கிய சாட்சியம் இதுதான். அடிமைகளின் சதி பற்றிய பயத்தையும் அவர் சொல்கிறார்தான், ஆனால் அதோடு நிற்கவில்லை. அடிமையாக இல்லாத கறுப்பரையும் வெள்ளையருக்குக் கீழே நிறுத்த வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்கிறார். அது இயற்கையாகவே இருக்கிற வித்தியாசம் என்றால் சட்டம் போட்டுப் பதிக்க வேண்டிய அவசியம் ஏது?

ஆகவே என் பதில்: இளக்காரம் முன்னாலேயே இருந்தது, அதுதான் யாரை அடிமையாக்கலாம் என்று காட்டிக்கொடுத்தது. ஆனால் நிறத்தால் ஏற்றத்தாழ்வு என்கிற நிலையான, பரம்பரையாக இறங்குகிற அமைப்பைப் புகையிலைத் தோட்டத்தின் தேவையும் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்த தோட்ட முதலாளிகளும் சேர்ந்து கட்டினார்கள். 1671-ல் பெர்க்லி கொடுத்த கணக்கில் நாற்பதாயிரம் பேரில் கறுப்பு அடிமைகள் இரண்டாயிரம், வெள்ளை வேலையாட்கள் ஆறாயிரம். 1750-க்குள் மக்கள்தொகையில் பத்துக்கு நான்கு பேர் கறுப்பர்கள்.

மற்ற குடியேற்றங்கள் இதே பாதையில் வரவில்லை. மாசசூசெட்ஸ் 1641-லேயே நியாயமான போரில் பிடிபட்டவர்களையும் விற்கப்பட்ட அந்நியர்களையும் அடிமையாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தது. சட்டத்தில் வர்ஜீனியாவை முந்தியது, பியூரிட்டன்கள் என்ற தீவிரக் கிறிஸ்தவப் பக்திமான்கள் குடியேறிய அந்த ஊர். தென் கரோலினாவுக்கு இந்தத் தடுமாற்றமெல்லாம் கிடையவே கிடையாது. அங்கே குடியேறிய பெரிய மனிதர்களில் பலர் பார்படாஸிலிருந்து வந்தவர்கள். கரும்புத் தோட்டத் தீவான பார்படாஸ் 1661-லேயே தன் அடிமைச் சட்டத் தொகுப்பை முடித்திருந்தது. கரோலினாவுக்காக 1669-ல் லண்டனில் தயாரித்த அரசியல் சாசனத்தில், ஒவ்வொரு சுதந்திர மனிதனுக்கும் தன் நீக்ரோ அடிமைகள் மீது முழு அதிகாரம் உண்டு என்று முதலிலேயே எழுதிவிட்டார்கள். அதை எழுதும் வேலையில் செயலாளராகப் பங்கெடுத்தவர், மனிதர் எல்லோருக்கும் இயற்கையான சுதந்திரம் உண்டு என்று பின்னாளில் வாதிட்ட தத்துவவாதி ஜான் லாக். 1708 வாக்கில் அங்கே கறுப்பர்களே பெரும்பான்மை ஆகிவிட்டார்கள்.

கடைசியாக ஜார்ஜியா. ‘அந்தக் காலத்தில் வேறு வழியே இல்லை’ என்று யாராவது சொன்னால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். 1733-ல் ஜேம்ஸ் ஓகிள்தோர்ப் சவானாவில் குடியேற்றம் தொடங்கினார். 1735-ல் அதன் அறங்காவலர்கள் அடிமைமுறையைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். கருணை பாதி, கணக்கு பாதி. தெற்கே ஃபுளோரிடாவில் ஸ்பெயின்காரர்கள் ஓடிவருகிற அடிமைகளுக்கு விடுதலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள், எல்லையில் துப்பாக்கி பிடிக்கும் சிறு விவசாயிகள்தான் வேண்டும். ஓகிள்தோர்ப் அதற்குச் சற்று முன்வரை ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் துணை ஆளுநராக இருந்தவர் என்பது கூடுதல் தகவல். தடையை நீக்கச் சொல்லி ஒரு கூட்டம் விடாமல் மனுப்போட்டது. பக்கத்துக் கரோலினாவில் நெல் வயல் முதலாளிகள் கொழிப்பதைப் பார்த்து அவர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. 1739-ல் டேரியனில் குடியேறிய ஸ்காட்லாந்து மலைநாட்டார் எதிர்மனு கொடுத்தார்கள். ஓர் இனத்தையும் அதன் சந்ததியையும் நிரந்தர அடிமைத்தனத்தில் தள்ளுவது மனித இயல்புக்கே அதிர்ச்சி தருவது என்று அதில் எழுதினார்கள். எபனேசரில் இருந்த சால்ஸ்பர்க் ஜெர்மானியர்களும் வேண்டாம் என்றார்கள். 1742-ல் ஸ்பெயின் படை தோற்றுப் பின்வாங்கியதும் எல்லைக் காவல் என்ற காரணம் வலுவிழந்தது. 1750-ல் அறங்காவலர்கள் இறங்கிவந்தார்கள், 1751 ஜனவரி முதல் தேதியிலிருந்து அடிமைமுறை சட்டப்படி செல்லும் என்றானது. அமெரிக்கப் புரட்சி தொடங்கிய நேரத்தில் ஜார்ஜியாவின் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அடிமைகள்.